நம் குன்றுகளில் கிடக்கும் கடல்

கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் மலை உச்சியில் கிடைப்பது எப்படி? இந்தக் கேள்வியை ஐந்தாம் படிவ மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை உடனே இமயமலையைச் சொல்லும். இன்னும் கொஞ்சம் ஆர்வமுள்ள பிள்ளை டெதிஸ் கடல் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லும். கூலிம் மாவட்டத்தின் பெயரைச் சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் பாடாங் செராய்க்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தவன். அந்தப் பதினொரு ஆண்டிலும் என் காலடியில் இருக்கும் பாறையைப் பற்றி ஒரு வரிகூட எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் நிலவியல் இரண்டாம் ஆண்டு. தீபகற்ப மலேசியாவின் பாறைத் தொகுதிகளை வரிசையாக மனனம் செய்துகொண்டிருந்தபோது பட்டியலில் 'மகாங்' என்ற பெயர் வந்தது. நம் மகாங்தான். கூலிம் மாவட்டத்தில், செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊர்.

சி. கே. பர்ட்டன் என்ற நிலவியலாளர் தென் கெடாவில் ஆய்வு செய்து, 1967இல் ஒரு பாறைத் தொகுதிக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார். பெரும்பாலும் கறுப்பு நிறம். கத்தி முனையை வைத்து நெம்பினால் அப்பளக் கட்டு போல ஏடு ஏடாகப் பிரியும். ஏறத்தாழ 400 முதல் 450 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலின் அடியில் படிந்த சேறு அது. அந்தக் கடலின் அடிப்பகுதியில் நீரோட்டம் இல்லை. உயிர்வளியும் மிகக் குறைவு. மேலிருந்து செத்து விழுந்ததைத் தின்ன அங்கே ஒன்றும் வாழவில்லை. அதனால் விழுந்தது விழுந்தபடியே சேற்றில் மூடிக்கிடந்தது. கறுப்பு நிறத்துக்கும் அதுவே காரணம். மட்காமல் மிஞ்சிய கரிமம்.

அந்த ஏடுகளில் இருப்பவை கிராப்டோலைட் என்னும் உயிரினத்தின் தடங்கள். ஒரு விரல் நீளம்கூட இருக்காது. கடல் நீரில் மிதந்து திரிந்த கூட்டுயிர் இது. வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் உயிர். பாறையில் பார்த்தால் யாரோ பென்சிலால் கீறிவிட்டுப் போன கோடு மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் கோட்டின் ஓரத்தில் ரம்பப் பல் தெரியும். கிராப்டோலைட் என்ற பெயரே 'கல்லில் எழுதியது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்ததுதான். மகாங்கில் அதற்குத் துணையாக, ஊசி முனை போலக் கூம்பிய டென்டாகுலைட் என்ற இன்னொரு கடலுயிரும் கிடைத்திருக்கிறது.

இந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் கலாஷீல்ஸ் என்ற சிற்றூரில் வேலை பார்த்த ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் சார்லஸ் லாப்வொர்த். நிலவியல் பட்டம் எதுவும் இல்லாமல், ஓய்வு நேரத்தில் அருகிலிருந்த மலைகளில் சுற்றித் திரிந்து கிராப்டோலைட்டுகளைச் சேகரித்தார். எந்த ஏட்டில் எந்த வகை இருக்கிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே போனார். இந்த உயிரினங்கள் விரைவாக உருமாறியவை; கடல் முழுக்கப் பரவியவை. ஆகவே ஒரு பாறையில் இருக்கும் வகையை வைத்து அந்தப் பாறையின் காலத்தைச் சொல்லிவிடலாம். அந்த முறையை நிலைநாட்டி, 1879இல் 'ஆர்டோவிசியன்' என்று ஒரு காலகட்டத்துக்கே பெயர் வைத்தார் அவர். பிறகுதான் பேராசிரியர் ஆனார். ஸ்காட்லாந்து மலையில் ஓர் ஆசிரியர் உருவாக்கிய கடிகாரத்தை வைத்துத்தான் பிற்காலத்தில் கெடா பாறைக்கும் மணி பார்த்தார்கள்.

சரி, கடலடிச் சேறு எப்படிக் குன்று ஆனது?

நம் நாட்டின் மேற்குப் பாதி, அதாவது கெடா, பினாங்கு, பேராக் இருக்கும் பக்கம், ஒரு காலத்தில் இங்கே இல்லவே இல்லை. தெற்கே, இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்கை ஒட்டி, கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஓரமாக இருந்தது. இந்தத் துண்டுக்கு 1984இல் இயன் மெட்கால்ஃப் என்ற அறிஞர் 'சிபுமாசு' என்று பெயர் வைத்தார். சயாம், பர்மா, மலேசியா, சுமத்ரா ஆகியவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒட்டிய பெயர். (நிலவியலாளர்களுக்குப் பெயர் வைக்கும் கலை அவ்வளவாக வராது.) அது தெற்கே இருந்ததற்குச் சாட்சி லங்காவியில் இருக்கிறது. அங்கே 'சிங்கா' என்ற பாறைத் தொகுதியில் மென்மையான சேற்றுப் பாறைக்குள் சம்பந்தமே இல்லாத கூழாங்கற்கள் குத்தி நிற்கின்றன. மிதந்து வந்த பனிப்பாறைகள் உருகும்போது கடலடியில் விழுந்தவை அவை. இன்று மதிய வெயிலில் ஐஸ் கச்சாங் தேடி அலைகிறோமே, அதே லங்காவியில்தான்.

பிறகு அந்தத் துண்டு கோண்டுவானாவிலிருந்து பிய்ந்து வடக்கே நகர்ந்தது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். நம் நகம் வளர்கிற வேகம். இரண்டுக்கும் இடையே இருந்த பழைய கடல் சுருங்கிக்கொண்டே வந்தது. 200 மில்லியன் ஆண்டுகளுக்குச் சற்று முன், டிரையாசிக் காலத்தில், நம் பாதியும் கிழக்குப் பாதியும் மோதி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய தையல் பெந்தோங், ரவுப் வழியாகப் போகிறது. கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் குவாந்தானுக்குப் போகிறவர்கள் அந்தத் தையலைத் தாண்டித்தான் போகிறார்கள். மோதிய அழுத்தத்தில் கடலடி ஏடுகள் மடங்கின, நிமிர்ந்தன. கீழிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, ஆறி, கருங்கல் ஆனது. தித்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பு அந்தக் கருங்கல்தான். அதன் பிறகு மழையும் ஆறும் மேலே இருந்ததை அரித்து அரித்து, அடியில் கிடந்ததை வெளியே கொண்டுவந்தன. எழுப்புவது ஒரு வேலை. திறந்து காட்டுவது இன்னொரு வேலை. இரண்டும் நடந்தால்தான் கடல் நம் கண்ணுக்குத் தெரியும்.

பத்துமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 272 படி ஏறி நாம் நுழைகிற குகை, சிலூரியன் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்பு. பக்கத்துக் கருங்கல்லின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது பளிங்காக மாறிவிட்டதால் உள்ளேயிருந்த சிப்பி, பவளம் எல்லாம் பெரும்பாலும் அடையாளம் அழிந்துபோயின. கெடாவில் பாலிங் ஊருக்கு மேலே செங்குத்தாக நிற்கிற குனோங் பாலிங்கும் பழைய கடல் சுண்ணாம்புதான். 1955ஆம் ஆண்டு பாலிங் பேச்சுவார்த்தையை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையின் வரலாறு எந்தப் பாடத்திலும் சேராமல் கிடக்கிறது.

'இதெல்லாம் எதற்கு, பெரிய வெள்ளம் வந்து மலையெல்லாம் மூழ்கியிருக்கும், அப்போது சிப்பிகள் மேலே போயிருக்கும்' என்று சொல்பவர்களும் உண்டு. பல நாட்டுப் பழங்கதைகளில் பெருவெள்ளம் இருக்கிறது. நம் மரபில் கடல்கோள் இருக்கிறது. கதையாக அவற்றுக்கு உள்ள மதிப்பு எனக்கும் தெரியும். ஆனால் பாறைக்கு முன் அந்த விளக்கம் நிற்காது. இதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி சொல்லிவிட்டார். இத்தாலியின் மலைகளில் கிடைத்த சிப்பிகளைப் பார்த்து அவர் போட்ட கணக்கு எளிமையானது. நம் சந்தையில் விற்கிற கெராங் போன்ற சிப்பி, மணலில் ஒரு நாளைக்கு நகர்வதே சில முழம்தான். நாற்பது நாள் வெள்ளத்தில் அது கடலிலிருந்து 250 மைல் எப்படி வந்து சேரும்? வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது என்றால் எல்லாம் ஒரே குப்பையாகக் கலந்து கிடக்க வேண்டுமே. இங்கே பல அடுக்குகளில், இரண்டு ஓடும் சேர்ந்தபடி, வாழ்ந்த இடத்திலேயே கிடக்கின்றனவே என்று கேட்டார். மகாங் ஏடுகளுக்கும் அதே கேள்வி பொருந்தும். அசையாத நீரில் மட்டுமே அவ்வளவு மெல்லிய ஏடுகள் படிய முடியும். வெள்ளத்தில் அசையாத நீர் எங்கே கிடைக்கும்?

வாட்சாப்பில் வருகிற குமரிக்கண்டச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'லெமூரியா' என்ற பெயரை 1864இல் உருவாக்கியவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்குகளின் தடங்கள் இருப்பது ஏன் என்று விளக்க, நடுவில் மூழ்கிய நிலம் ஒன்று இருந்திருக்கும் என்று ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போனது. மூழ்கிய நிலத்தைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் பகிர்கிற நாம், எழுந்த நிலத்தின் மேல் வீடு கட்டிக் குடியிருந்தும் அதைப் பற்றி ஒரு செய்திகூடப் பகிர்வதில்லை. எனக்கு வருத்தம் அதுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் கிடக்கும் சிப்பி எல்லாமே மகாங் கதை ஆகிவிடாது. எங்கள் ஊரிலிருந்து மேற்கே, செபராங் பிறை வடக்கில், குவார் கெப்பா என்ற இடம் இருக்கிறது. 'குவார்' என்றால் கெடா வழக்கில் மேடு. 'கெப்பா' ஒரு வகைச் சிப்பி. பெயரிலேயே செய்தி இருக்கிறது: சிப்பி மேடு. இன்றைய கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி மலைபோலக் குவிந்திருந்த அந்தச் சிப்பிகள், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்டவை. அந்தக் காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. கரையே அங்கேதான் இருந்தது. 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்து, 'பினாங்கு மாது' என்று செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். ஆக, கடல் பின்வாங்கியதால் உள்ளே நின்றுபோன சிப்பி ஒரு வகை; நிலமே எழுந்ததால் மேலே போன சிப்பி இன்னொரு வகை. முன்னது ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு. பின்னது மில்லியன் கணக்கு.

அந்தக் குவார் கெப்பா மேட்டின் பெரும்பகுதி இப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே சுண்ணாம்புக்காக அள்ளிவிட்டார்கள்.

வெளிநாட்டு உதாரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை எல்லா நூல்களிலும் இருக்கின்றன. எவரெஸ்ட் உச்சியின் 8,848 மீட்டர் உயரத்தில் இருப்பது ஆர்டோவிசியன் காலத்துக் கடல் சுண்ணாம்பு. நம் மகாங்கின் அடி ஏடுகளுக்கு ஏறக்குறைய ஒத்த வயது. ஆண்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் உயர்ந்தால்கூட அந்த உயரத்தை எட்ட 9 மில்லியன் ஆண்டு போதும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டு ஆகிறது. நேப்பாளத்தின் கண்டகி ஆற்றில் எடுத்து நம் வீட்டுப் பூஜை அறைகளில் வைத்திருக்கும் சாளக்கிராமங்களில் பலவற்றின் உள்ளே சுருண்டு கிடப்பது அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பாட்டி அதற்கு இன்னும் ஒரு பூ கூடுதலாக வைக்கிறார். எகிப்தின் வாடி அல் ஹித்தான் பாலைவனத்தில், பின்னங்கால் முற்றிலும் மறையாத பழந்திமிங்கிலங்களின் முழு எலும்புக்கூடுகள் மணலில் கிடக்கின்றன. 2005 முதல் அது உலகப் பாரம்பரியத் தளம். அங்கே ஆழமற்ற கடல் விலகிப்போனது, பின்னர் மழையும் பொய்த்தது. பாலைவனம் என்பது பூமியின் நீண்ட வாழ்வில் நேற்று போட்ட சட்டை.

தமிழ்நாட்டின் அரியலூரில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தா திருச்சிக்கு வடக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர். அரியலூர் அந்தத் திசைதான். இன்று புழுதி பறக்கும் அந்த வறண்ட மண், கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், அதாவது 100 முதல் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கடலாக இருந்தது. அம்மோனைட், சிப்பி, கடல் முள்ளெலி எனக் கொட்டிக் கிடக்கும் அந்த இடத்தை 1840களிலிருந்தே அறிஞர்கள் ஆராய்கிறார்கள். ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்பவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காகத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்தார். அதே சுண்ணாம்புக்காக அங்கே சிமெண்டு ஆலைகளும் வந்தன. ஆனாலும் வாரணவாசி என்ற ஊரில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றும் எழுந்திருக்கிறது. 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது என்று வாட்சாப்பில் பெரும் பரபரப்பு. கடலடிச் சேறு உருண்டையாக இறுகிய கல் அது என்று நிலவியலாளர்கள் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். முட்டை பொய்யாகிப் போனாலும், ஊர் மக்கள் கல்லைக் குனிந்து பார்த்தார்கள், யாரோ படித்தவர் வந்து பதில் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே நாம் குனிந்து பார்ப்பதில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு லூனாஸ், பாடாங் செராய் சுற்றுவட்டாரம் எப்படி மாறியது என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் தாமான்கள் ஆகின்றன. குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. எங்கள் வீடும் அப்படி ஒரு தாமானில்தான் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், வெட்டினால்தான் பாறை தெரியும். பெர்லிஸில் பெசேரி அருகே குவார் ஜென்தெக் குன்றுகளில் மண் அள்ளியதால்தான் டிரைலோபைட் உள்ளிட்ட பழங்கடல் உயிர்களின் அடுக்குகள் வரிசையாக வெளிப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்து அறிவியல் உலகுக்குச் சொன்னார்கள். பொக்கோக் சேனாவின் புக்கிட் யோயிலும், கண்ணுக்குத் தெரியாத ரேடியோலேரியா என்னும் கடல் நுண்ணுயிர்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்து அதன் காலத்தைச் சொன்னார் பேராசிரியர் பாசிர் ஜாசின்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நம் வெயிலும் மழையும் பொல்லாதவை. வெட்டிய கறுப்புப் பாறை சீக்கிரமே வெளுத்து, சிவந்து, களிமண்ணாகிவிடும். அதற்கு முன்பே புல் விதை தெளித்துவிடுவார்கள், அல்லது சிமெண்டு பூசிவிடுவார்கள். வெட்டுக்கும் புல்லுக்கும் நடுவே இருப்பது சில மாத இடைவெளி. அந்த இடைவெளியில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து ஒரு வாரம் பார்த்துப் போக ஏற்பாடு இருந்தால் போதும். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் நிலவியல் அமைப்புகளையும் இயற்கைப் பாரம்பரியமாக ஏற்கிறது. லங்காவி 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆனது. தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவது. சுற்றுப்பயணிகள் வருகிற தீவுக்கு இருக்கிற மரியாதை, லோரிகள் போகிற மகாங் சாலைக்கு இல்லை. மேம்பாட்டு அனுமதி கொடுக்கும்போது வடிகாலைக் கேட்கிறார்கள், மண் சரிவைக் கேட்கிறார்கள். 'பாறையை ஒருவர் பார்த்துவிட்டாரா' என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்தால் யாருக்கும் பெரிய செலவு இல்லை.

பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே. எஸ்.பி.எம். பாடப்பட்டியலில் நிலவியலுக்குத் தனி இடம் இல்லை. நம் வீடுகளில் அந்தச் சொல்லே பழக்கமில்லை. நான் இந்தத் துறையை எடுத்தபோது ஒரு மாமா கேட்டார்: "கல்லைப் படிச்சு யாருப்பா வேலை குடுப்பா?" நியாயமான கேள்வி, தோட்டத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்களுக்குச் சோறு முக்கியம். பதிலும் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு, சுரங்கம், நிலத்தடி நீர், மலைச்சரிவுப் பாதுகாப்பு, கனிமப் புவி அறிவியல் துறை என்று வேலைகள் உண்டு. ஒவ்வொரு மழைக்காலமும் மண் சரிவுச் செய்தி படிக்கிற நாட்டில் கல்லும் மண்ணும் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போகாது. ஆனால் என் வகுப்பில் தமிழ் மாணவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

நிலவியல் படிக்காதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் புதிதாக வெட்டிய மேட்டில் ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புப் பாறையோ, கோடு கோடாக ஏதாவது தெரியும் கல்லோ கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு இருபது காசு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உடைத்து எடுத்துப் போகாதீர்கள். இடம் தெரியாத புதைபடிவம் தேதி கிழிந்த கடிதம். படத்தைக் கனிமப் புவி அறிவியல் துறையின் மாநிலக் கிளைக்கோ, நிலவியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புங்கள். செங்குத்தான வெட்டுக்கு அடியில் நிற்க வேண்டாம், மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம், வேலை நடக்கும் இடமாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மாலையில், வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரத்தில் பார்த்தால் கோடுகள் பளிச்சென்று மின்னும்.